அமோர்கோஸ் குளிர்காலத்தில் பூட்டிய தீவு அல்ல

"அமோர்கோஸுக்கு ஆகஸ்டில்தான் போகணும், கடல் அமைதியா இருக்கும், அக்டோபருக்கு அப்புறம் தீவையே மூடிடுவாங்க" என்று கிரேக்கத் தீவான அமோர்கோஸைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

தீவைச் சுற்றியுள்ள ஏஜியன் கடலில் மெல்டெமி என்கிற வடகாற்று பலமாக வீசுவதே ஜூலை, ஆகஸ்டில்தான். வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அலை வெள்ளை வெள்ளையாகப் புரளும். காற்று மிஞ்சினால் கப்பலையே நிறுத்திவிடுவார்கள். செப்டம்பரில் அது தணியும், தண்ணீரும் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். நீந்த விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது அந்த மாதத்தைத்தான்.

குளிர்காலத்தில் விடுதிகளும் உணவகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும், கப்பல்களும் குறையும். அது சரி. ஆனால் சுமார் 2000 பேர் ஆண்டு முழுக்க வாழும் ஊர் அது. நவம்பர் 21 அன்று ஹோசோவியோட்டிசா என்கிற கிறிஸ்தவ மடத்தில் திருவிழா. செங்குத்தான பாறையில் ஒட்டவைத்த வெள்ளைச் சுவர் போன்ற மடம். படியேறி மூச்சு வாங்க வருபவர்களுக்குத் தேன் கலந்த ராக்கி என்கிற மதுவை ஒரு சின்னக் கிளாஸில் தருவார்கள். கோடையில் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும் மலைச்சரிவு, மழைக்குப் பிறகு பச்சையாகிவிடும். மார்ச், ஏப்ரலில் அதில் காட்டுப்பூக்கள். மலைப்பாதையில் நடக்க ஆசை இருந்தால் அப்போது போங்கள், கப்பல் தாமதத்துக்கு ஒன்றிரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு.