சரிந்தது பையன் இல்லை, நம் பட்டியல்

கிளீவ்லாந்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஈஸ்டர் நெருங்கினால் இங்கே இருக்கும் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனை ஞாபகம் வரும். கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடும் கூட்டத்தில் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர்களுக்கோ இந்த மாதம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: என்.எஃப்.எல். டிராஃப்ட். எனக்கு இரண்டும் வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் மூன்று நாள்தான் டிராஃப்ட். ஐ.பி.எல். ஏலம் மாதிரி பணத்தைக் காட்டி இழுக்க முடியாது. போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை. 32 அணிகள், 7 சுற்றுகள், 250-க்கு மேற்பட்ட பெயர்கள். எந்த அணி பெயரைக் கூப்பிடுகிறதோ அங்கேதான் போயாக வேண்டும்.

எங்கள் ஊர் அணி பிரவுன்ஸ், 2016-இலும் 2017-இலும் சேர்த்து 32 ஆட்டம் ஆடி ஜெயித்தது ஒன்றே ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்களுக்கு டிசம்பரில் கொண்டாட ஒன்றும் இருக்காது. ஏப்ரலில்தான் தீபாவளி. அடுத்த வருடமாவது நன்றாக வரும் என்று சட்டப்படி நம்பலாம் என்கிற மாதிரி மூன்று நாள்.

அதனால் இங்கே எல்லோரும் மாக் டிராஃப்ட் போடுவார்கள். எந்த அணி யாரை எடுக்கும் என்று முன்கூட்டியே வரிசையாக எழுதிவைப்பது. நான் 2014-லிருந்து போடுகிறேன். ஒரு நீள நோட்டு, வருடத்துக்கு இரண்டு பக்கம், 32 வரி. இடப்பக்கம் என் கணிப்பு, வலப்பக்கம் நடந்தது. ஏழெட்டு வருடமாக மகனும் கூட உட்காருகிறான். இப்போது பத்தாம் வகுப்பு, பள்ளி அணியில் லைன்பேக்கர், அதாவது எதிரணியைத் தடுக்கும் இடத்தில் ஆடுகிறவன்.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தலைப்பு வைத்திருந்தேன்: "சரிந்தவர்கள்". முதல் சுற்றில் போவார்கள் என்று ஊரே சொல்லி, கீழே போனவர்களின் பெயர்கள். அந்தத் தலைப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

போன வருடம், 2025 ஏப்ரல் 24, வியாழக்கிழமை இரவு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவர்) ஷெடூர் சாண்டர்ஸ். அப்பா டியான் சாண்டர்ஸ் என்.எஃப்.எல்.லில் ஆடிய பெரிய நட்சத்திரம், அவரேதான் அந்த அணியின் கோச்சும். ஜனவரியில் பார்த்த பட்டியல்கள் பலவற்றில் ஷெடூர் மூன்றாவது இடத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு. ஏப்ரலில் 21-ஆவதாகப் பிட்ஸ்பர்குக்கு. நானும் 21 என்றுதான் எழுதியிருந்தேன். இ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனலில் 1984-லிருந்து டிராஃப்ட் கணிப்பதே வேலையாக இருக்கும் மெல் கைப்பர், குவார்ட்டர்பேக்குகளில் அவருக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தார்.

வியாழன் முடிந்தது, பெயர் வரவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டாம், மூன்றாம் சுற்றுகளும் முடிந்தன. வரவில்லை. அன்று அவர் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் பேசுவதாகச் சொல்லி, இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்றது குரல். விளையாட்டுக்காகச் செய்த போலி அழைப்பு. அட்லாண்டா அணியின் கோச் ஒருவருடைய மகன், அப்பாவின் ஐபேடில் எண்ணைப் பார்த்துச் செய்த வேலை. என்.எஃப்.எல். பிறகு அந்த அணிக்கு 2,50,000 டாலரும் கோச்சுக்கு 1,00,000 டாலரும் அபராதம் போட்டது. அபராதம் சரி. ஆனால் இரண்டு நாளாகப் போனை வெறித்துக்கொண்டிருக்கும் ஒரு பையன், மணி அடித்ததும் எழுந்து நின்று, சுற்றி வீட்டு ஆட்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க, அந்தச் சில நொடிகள்? அதைப் பார்த்துவிட்டு என் மகன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். ஒன்றும் பேசவில்லை.

சனிக்கிழமை, ஐந்தாம் சுற்று, 144-ஆவது பெயராக அவரை எடுத்தது எங்கள் பிரவுன்ஸ்.

அந்த மூன்று நாளும் டிவியில், போனில், அலுவலக வாட்ஸ்அப்பில், ஒரே வார்த்தை: சரிந்தார், சரிந்தார், சரிந்துகொண்டே போகிறார்.

எங்கிருந்து சரிந்தார்? அவர் கல்லூரிக்காகக் கடைசியாக ஆடியது 2024 டிசம்பர் 28. அதற்குப் பிறகு ஏப்ரல் வரைக்கும் ஒரு ஆட்டம் கிடையாது. புதன்கிழமை எப்படிப் பந்து எறிந்தாரோ அப்படித்தான் சனிக்கிழமையும் எறிந்திருப்பார். அணிகள் எதுவும் அவரை 21-இல் வைத்திருந்து பிறகு இறக்கவில்லை. 21-இல் உட்காரவைத்தது நான். என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள். நாங்கள் போட்ட எண் தப்பு. தப்பு எங்களுடையது, தழும்பு அவருக்கு.

பின்னாளில் குவார்ட்டர்பேக்குகளிலேயே பெரிய பெயரான டாம் பிரேடியை 2000-இல் 199-ஆவதாக எடுத்தார்கள். அவர் "சரிந்தார்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் எந்தப் பட்டியலிலும் அவர் மேலே இல்லை. 2022-இல் ஆகக் கடைசியாக, 262-ஆவதாகப் போன குவார்ட்டர்பேக் புராக் பர்டியையும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 2005-இல் 24-ஆவதாகப் போன குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் மட்டும் இன்றுவரை "சரிந்தவர்". 199 சரிவு இல்லையாம், 24 சரிவாம்! சான் ஃபிரான்சிஸ்கோ அவரை முதல் ஆளாக எடுக்கலாம் என்று பேச்சு இருந்தது. அவர்கள் அலெக்ஸ் ஸ்மித் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அதற்கப்புறம் நியூயார்க்கில் அந்தக் காத்திருப்பு அறையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ராஜர்ஸ் உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த மேஜைகள் ஒவ்வொன்றாகக் காலியாக, ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் கேமரா அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. அந்தக் காட்சியை இப்போதும் வருடத்துக்கு ஒரு தடவையாவது போடுகிறார்கள். எனக்குப் பார்க்க முடிவதில்லை.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆயிற்று. 144-ஆவதாகப் போனால் அவரைவிட 143 பேர் நன்றாக ஆடுவார்கள் என்று அர்த்தம் இல்லை. களத்தில் மற்ற வேலைகளுக்கு அணிகள் இரண்டு மூன்று பேரைக்கூட எடுத்துக்கொள்ளும். முன்வரிசையில் மோதுகிற லைன்மேன் எப்போதும் நாலைந்து பேர் வேண்டும், ஒருவருக்கு அடிபட்டால் இன்னொருவர். குவார்ட்டர்பேக் அப்படி இல்லை. ஒருவர்தான் ஆட முடியும். வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகிவிட்டால் அடுத்த நாள் வரும் ஜாதகம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள். 2025-இல் குவார்ட்டர்பேக் தேடிக்கொண்டிருந்த அணிகளே ஒரு கை விரலுக்குள்தான். டென்னசி முதல் ஆளாகக் கேம் வார்டை எடுத்தது. ஜயன்ட்ஸ் 25-இல் ஜாக்ஸன் டார்ட். நியூ ஆர்லியன்ஸ் 40-இல் டைலர் ஷக். முடிந்தது. வாசல்கள் அடைபட்டபின் மிச்சம் இருப்பவரை மாற்று ஆளாக மட்டும்தான் யோசிப்பார்கள், மாற்று ஆளுக்கு யாரும் இரண்டாம் சுற்றைச் செலவழிக்க விரும்புவதில்லை. கூடவே வரும் கேமராக் கூட்டம் வேண்டாம் என்று சிலர் ஒதுங்கியதாகவும் அப்போது பேசிக்கொண்டார்கள். அதனால் குவார்ட்டர்பேக்குக்கு 21-க்கும் 144-க்கும் நடுவில் படிக்கட்டு கிடையாது. ஒரு மேடு, அப்புறம் நேராகப் பள்ளம். ஒரே ஒரு அணியின் மனசு மாறினால் போதும்.

அந்தப் பள்ளத்தின் விலை சாதாரணம் இல்லை. புது வீரர்களின் சம்பளம் 2011-லிருந்து எடுக்கப்பட்ட இடத்தை வைத்துத்தான். கேம் வார்டுக்கு நான்கு வருடத்துக்கு 48 மில்லியன் டாலருக்கு மேல். ஷெடூருக்கு ஏறக்குறைய நான்கரை மில்லியன். அந்த இழப்பு நிஜம். அதோடு நாம் அவமானத்தையும் சேர்த்து ஏன் கொடுக்க வேண்டும்?

கேம் வார்டு கதையையும் கேளுங்கள். பள்ளி வீரர்களுக்குத் தரம் பார்த்து ஸ்டார் போடுவார்கள்; பள்ளியிலிருந்து வந்தபோது ஒரு ஸ்டார்கூட இல்லாத பையன். டெக்சாஸில் இன்கார்னேட் வேர்ட் என்று ஒரு சின்ன பல்கலைக்கழகம்தான் இடம் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், அங்கிருந்து மயாமி. 2024 ஜனவரியில் டிராஃப்ட்டுக்கு வருவதாக அறிவித்துவிட்டு, முடிவை மாற்றிக்கொண்டு இன்னொரு வருடம் கல்லூரியில் ஆடினார். அடுத்த ஏப்ரலில் நாட்டிலேயே முதல் பெயர். எங்கள் ஒஹாயோவில் ஏதென்ஸ் என்ற ஊரில் வளர்ந்த குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவும் அப்படித்தான். 2019 கோடையில் எந்த முதல் சுற்றுப் பட்டியலிலும் அவரைப் பார்த்த ஞாபகம் இல்லை. 2020-இல் முதல் ஆள்.

மாக் டிராஃப்ட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அது வருடத்தின் மிகச் சந்தோஷமான வேலை. எந்த அணியில் எந்த இடம் ஓட்டை, யாருடைய ஒப்பந்தம் முடிகிறது, புதுக் கோச் முன்பு எந்த மாதிரி ஆட்களை வைத்து ஆடினார் என்று மார்ச் முழுக்கப் படிப்பேன். டிராஃப்ட்டுக்கு முன்னால் இண்டியானாபொலிஸில் நடக்கும் காம்பைன் என்ற உடல்திறன் சோதனையில் பையன்கள் 40 கஜம் ஓடுவதை நானும் மகனும் நேரலையில் பார்ப்போம். 2024-இல் சேவியர் வொர்த்தி 4.21 நொடியில் ஓடி, 2017-இல் ஜான் ராஸ் வைத்த 4.22 சாதனையை முறித்தபோது வீடே அதிர்ந்தது. (அந்த ஜான் ராஸை அப்போது ஒன்பதாவதாக எடுத்தார்கள். காயம் மேல் காயம், பெரிதாக ஆட முடியவில்லை. வொர்த்தி 28-ஆவதாகத்தான் போனார்.)

ஆனால் நாம் கணிப்பது பையன்களை இல்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் 32 அறைகளின் மனசை. அந்த அறைகளுக்கோ நம்மிடம் உண்மை சொல்ல ஒரு காரணமும் கிடையாது. வேண்டிய ஆளை வேண்டாதது போலக் காட்டுவார்கள், வேண்டாத ஆளை ஆஹா ஓஹோ என்பார்கள். 2024 மார்ச்சில் அட்லாண்டா, குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸோடு நான்கு வருடத்துக்கு 180 மில்லியன் டாலர் வரை போகும் ஒப்பந்தம் போட்டது. குவார்ட்டர்பேக் பிரச்சினை தீர்ந்தது என்று நாங்கள் எல்லோரும் அட்லாண்டாவுக்கு நேராக ஒரு டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும்) ஆளை எழுதினோம். ஆறு வாரம் கழித்து எட்டாவது பெயராக அவர்கள் கூப்பிட்டது மைக்கேல் பெனிக்ஸ் ஜூனியர், இன்னொரு குவார்ட்டர்பேக். அன்றைய டிராஃப்ட்டில் முதல் 14 பெயர்களும் ஆஃபென்ஸ் (பந்தை முன்னே கொண்டுபோகும்) ஆட்கள்தான், ஒரு டிஃபென்ஸ் ஆள்கூட இல்லை. என் பக்கம் எட்டிலேயே கிழிந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அறைக்குள் நடப்பது தெரியாதவன் கணித்தால் அப்படித்தான்.

அறைக்குள் இருப்பவர்களுக்கே எவ்வளவு தெரியும் என்பது வேறு கேள்வி. நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மேஸியும் பல வருடத் தேர்வுகளை ஆராய்ந்தார்கள். களத்தில் ஒரே வேலைக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னால் எடுத்தவர் நன்றாக ஆடும் வாய்ப்பு, நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று கண்டார்கள். 2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள்: முதலாவது எங்கள் பேக்கர் மேஃபீல்டு, மூன்றாவது சாம் டார்னால்டு, ஏழாவது ஜாஷ் ஆலன், பத்தாவது ஜாஷ் ரோசன், 32-ஆவது லமார் ஜாக்ஸன். பத்தாவதாகப் போனவரை ஒரே வருடத்தில் வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். 32-ஆவதாகப் போனவர் 2019-இலும் 2023-இலும் லீகின் சிறந்த வீரர். குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு, பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாறிக்கொள் என்று அவருக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு.

எனக்கு இரண்டு ஆசை இருக்கிறது. ஒன்று, யார் நன்றாக ஆடுவார் என்ற பட்டியலையும், யாரை எந்த அணி எடுக்கும் என்ற பட்டியலையும் போட்டுக் குழப்பாமல் இருக்க வேண்டும். முதலாவது ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வது. இரண்டாவது ஊர்வம்பு மாதிரி, கேட்டதை வைத்து ஊகிப்பது. இரண்டாவதில் நாம் தப்புப் பண்ணியதற்கு முதலாவதில் ஒருவனுக்கு மார்க்கைக் குறைக்கிறோம். இன்னொன்று, டிவிக்காரர்கள் அந்தக் காத்திருக்கும் முகத்தை விட்டுவிட வேண்டும். 2023-இல் கான்சஸ் சிட்டியில் குவார்ட்டர்பேக் வில் லெவிஸ் இரவு முழுக்க உட்கார்ந்திருந்து, மறுநாள் 33-ஆவதாகப் போனார். இரண்டாம் சுற்று தொடங்கிய உடனேயே! அதற்கு அத்தனை குளோசப்.

போன வருடம் சனிக்கிழமை சாயங்காலம் ஷெடூர் பெயர் வந்த பிறகு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதப் போனேன். மகன் பக்கத்தில் வந்து நின்றான். "அப்பா, என் டீமில் என்னைவிட நல்லா ஆடுற பையனை எந்த காலேஜும் கூப்பிடல. அவனையும் இதுல எழுதுவீங்களா?" என்று கேட்டான். பேனாவை மூடிவிட்டேன். பிறகு ஒருநாள் தலைப்பை அடித்துவிட்டு "நான் தப்பாகப் போட்டவர்கள்" என்று மாற்றி எழுதினேன். பழைய பெயர்கள் அப்படியே இருக்கின்றன. நவம்பரில் ஷெடூர் முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆடி, லாஸ் வேகாஸில் ரெய்டர்ஸை ஜெயித்த அன்று அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இந்த வருடம் டிராஃப்ட் பிட்ஸ்பர்கில், ஏப்ரல் 23 வியாழன். இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் கார் ஓட்டினால் போதும், மகனோடு போகிறேன். பட்டியல் போடுகிறவர்கள் அனுப்புங்கள், ஆசையாகப் படிப்பேன். குவார்ட்டர்பேக் பெயருக்கு நேரே ஒரே எண் போடாமல், அவரை எடுக்க நிஜமாகவே வாய்ப்புள்ள அணிகள் எவை, அவை எல்லாம் வேண்டாம் என்றால் அடுத்த வாசல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சேர்த்து எழுதி அனுப்புங்கள். நானும் இந்தத் தடவை அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். 11-ஆவது வரி வரைக்கும் வந்திருக்கிறேன்.