காலநிலை நிதி யார் கைக்குப் போகிறது?

பூமி சூடாவதைக் குறைக்கவும் அதன் பாதிப்பைச் சமாளிக்கவும் ஏழை நாடுகளுக்குத் தரப்படும் பணம்தான் காலநிலை நிதி. அது என்றாலே தொகையைப் பற்றித்தான் பேச்சு. 2009-இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள், 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தன. அது நிறைவேறியது 2022-இல்தான். 2024-இல் அஜர்பைஜானின் பாகூவில் நடந்த மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று இலக்கை உயர்த்தினார்கள். இந்தத் தொகைகளுக்காக நடக்கும் சண்டையில் கால்வாசிகூட, பணம் எந்த வடிவில், யார் கைக்குப் போகிறது என்பதற்காக நடப்பதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

பெரும்பாலும் பணக்கார நாடுகள் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கணக்குப்படி, 2022-இல் அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் கொடுத்த காலநிலை நிதியில் சுமார் 69 சதவீதம் கடன். பூமியைச் சூடாக்கியதில் பெரிதாகப் பங்கே இல்லாத நாடு, வெள்ளத்துக்குக் கரை கட்டக் கடன் வாங்கி வட்டியோடு திருப்பித் தர வேண்டும். வட்டி கட்ட முடியாத அரசு எதில் கை வைக்கும்? சுகாதாரத்திலும் பள்ளியிலும்தான். அங்கே வெட்டு விழுந்தால் நோயாளியைப் பார்ப்பதும், தூரத்திலிருந்து தண்ணீர் சுமப்பதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புவதும் ஏழை வீட்டில் நடக்கும்; அந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழும். அந்தக் கடனை உண்மையில் அடைப்பது சம்பளமில்லாத பெண் உழைப்புதான்.

கடனாகக் கொடுப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. திரும்ப வசூலிக்க முடிகிற இடத்துக்கே பணம் ஓடும். சூரிய மின் நிலையம் வருமானம் தரும். வயலில் வேலை செய்பவருக்குப் போடும் நிழற்கூரை தராது. தகவமைப்புக்கு, அதாவது வெயிலையும் வெள்ளத்தையும் தாங்கும்படி மக்களைத் தயார்செய்ய, மொத்த நிதியில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகாததற்கு இதுவும் ஒரு காரணம். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதன் பலன் வரும்வரை வெயிலில் நிற்பவர் காத்திருக்க முடியாது.

அடி எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. வெப்பத்தால், பெண் தலைமையிலான கிராமக் குடும்பங்கள் ஆண் தலைமையிலானவற்றைவிட 8 சதவீதம் அதிக வருமானத்தை இழக்கின்றன என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2024-இல் சொன்னது. உழைப்பதில் அவர்கள் குறைவில்லை. பெரும்பாலும் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. நிலப் பத்திரம் இல்லாதவருக்குப் பல இடங்களில் வங்கிக் கடனும் கிடைக்காது, பயிர் இழப்பீடும் கிடைக்காது. 'விவசாயிகளுக்கு உதவி' என்று அறிவித்துவிட்டுப் பத்திரத்தைக் கேட்டால், வயலில் குனிந்து நிற்பவர் அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்.

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, நடத்தியும் காட்டியிருக்கிறார்கள். 2020 ஜூலையில் வங்கதேசத்தில் ஜமுனா ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு, வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே உலக உணவுத் திட்டம் கைப்பேசி வழியே 4,500 டாக்கா அனுப்பியது. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. அந்தப் பணம் கிடைத்த குடும்பங்கள் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்தது என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. அப்புறம், இந்தியாவில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் வெப்பக் காப்பீடு. வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே முறைசாரா வேலை செய்யும் பெண்களின் கணக்குக்குப் பணம் வருகிறது. சேத மதிப்பீடு, அலுவலக அலைச்சல் எதுவும் இல்லை. தொகை சிறியதுதான். ஆனால் கொளுத்தும் வெயிலில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருக்கும் உரிமையை அது கொடுக்கிறது. அதை லேசாக எண்ணக் கூடாது.

பெண்கள் குழுக்கள் பெரிய நிதியங்களை நேரடியாக அணுகவும் வழி வேண்டும். ஏழை நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியத்தில், நேரடியாகப் பணம் பெறத் தேவையான அங்கீகாரம் கிடைக்கப் பெரிய நிறுவனங்களுக்கே ஆண்டுக்கணக்கில் ஆகியிருக்கிறது. சேமிப்புக் கணக்கை ஒழுங்காக நடத்தத் தெரிந்த குழுவிடம் நூறு பக்கத் திட்ட அறிக்கையை ஏன் கேட்க வேண்டும்?

காலநிலைப் பேரிடர்களால் ஏற்படும் இழப்புகளை ஈடுகட்ட உருவான இழப்பு மற்றும் சேத நிதியம், முதல் கட்டமாக 25 கோடி டாலருக்கான விதிகளை 2025-இல் ஏற்றது. இப்போதுதான் தொடங்குகிறது என்பதால், பழக்கம் கெட்டுப்போகும் முன் கேட்டுவிட வேண்டும்: பணம் மானியமாக வரட்டும், அதில் ஒரு பங்கு நேராகப் பெண்களின் பெயரிலுள்ள கணக்குக்குப் போகட்டும், எவ்வளவு போனது என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும்.