டே ஆர்டரும் நாலு பத்து பஸ்ஸும்

போன வாரம் துறைப் பொறுப்பை ஒப்படைத்தேன். ஒரு அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் ஆறு வருடம் இயற்பியல் துறைத் தலைவராக இருந்தாயிற்று. ஸ்டாக் ரெஜிஸ்டர், இருட்டறைச் சாவி, பீரோ சாவி, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், உறவினர் ஒருவர் காத்திருந்தார். "இனி நிம்மதி. ஹெச்.ஓ.டி.ன்னா கையெழுத்துப் போடற வேலைதானே, அதுவும் போச்சு" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கல்லூரிக்குள்ளேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கால அட்டவணை, வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க், யாருக்கு எந்தப் பேப்பர் என்ற பங்கீடு. ஒரு பிள்ளை டிகிரியை முடித்துவிட்டுப் போகிறதா, பாதியில் நிற்கிறதா என்பதில் பெரும்பங்கு இந்த நான்கில்தான் தீர்மானமாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வகுப்பறையில் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இவை சொதப்பினால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும். ஆனால் இந்த வேலையைப் பார்க்க நம் கல்லூரிகளில் நேரமும் ஒதுக்குவதில்லை, ஆளும் தருவதில்லை.

வெளியில் இருப்பவர்களுக்காக முதலில் கால அட்டவணையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் திங்கள், செவ்வாய் கணக்கு கிடையாது, டே ஆர்டர்தான். ஒன்று முதல் ஆறு வரை ஓடும். நடுவில் விடுமுறை வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளைக்கு 5 மணி வகுப்பு, ஆறு டே ஆர்டருக்கு 30 மணி. முதலாமாண்டுக்கு இந்த முப்பதில் தமிழுக்கு 6, ஆங்கிலத்துக்கு 6 போய்விடும். அந்த மணிகளை நாம் விரும்பிய இடத்தில் வைக்க முடியாது. தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் எல்லாத் துறைக்கும் சேர்த்துப் போட்டுத் தருவதுதான். இயற்பியல் படிக்கிற பிள்ளைக்குத் துணைப்பாடமாக அலைடு கணிதம் வேண்டும், அலைடு வேதியியல் வேண்டும். அந்தத் துறைகளிடம் போய் மணி கேட்க வேண்டும். அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு நம்மிடம் அலைடு இயற்பியல் கேட்பார்கள். 2022-இல் அரசின் திறன் பயிற்சித் திட்டமான ‘நான் முதல்வன்’ வந்தபின் அதற்கும் மணி. இவ்வளவும் போக மிஞ்சுவதில்தான் மேஜர் பாடம்.

இதில் பிராக்டிகல்தான் தலைவலி. ஒளி விலகும் கோணத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் விளக்கைப் போட்டதும் உடனே வெளிச்சம் வராது. முதலில் மங்கலாக, சிவந்த நிறத்தில் எரியும். நல்ல மஞ்சளுக்கு வரப் பத்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு தொலைநோக்கியைச் சரிசெய்து, மேடையை மட்டம் பார்த்து, பிரிசத்தை வைத்து, வெர்னியரில் இரண்டு பக்கமும் அளவு எடுக்க வேண்டும். புதிதாகச் செய்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஓடியிருக்கும்போதுதான் முதல் ரீடிங்கே வரும். மூன்று மணியும் தொடர்ச்சியாகக் கொடுத்தால்தான் கணக்கைப் போட்டு முடித்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக முடியும். எங்கள் லேபில் நல்ல நிலையில் இருந்தவை ஐந்து கருவிகள்தான். மதிய இடைவேளைக்கு முன்னால் மூன்று மணி, பின்னால் இரண்டு மணி. ஆகவே உருப்படியாக பிராக்டிகல் வைக்கக் காலை மட்டும்தான். அந்தக் காலை நேரத்துக்கு எம்.எஸ்சி.யும் போட்டி, இரண்டாமாண்டும் போட்டி.

நான் பொறுப்பேற்ற இரண்டாவது வருடம், எம்.எஸ்சி.க்குக் காலையைக் கொடுத்துவிட்டு, இரண்டாமாண்டு பிராக்டிகலை மூன்றாம் டே ஆர்டரிலும் ஐந்தாம் டே ஆர்டரிலும் மதியத்துக்குத் தள்ளினேன். இரண்டு மணி போதாது என்பதால், கடைசி மணி மூன்றரைக்கு அடித்தபிறகும் நாலரை வரை இருந்து முடித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். தாளில் பார்த்தால் அழகாக உட்கார்ந்துவிட்டது. ஒரு மோதலும் இல்லை. பிரின்ஸிபால் அறையில் பாராட்டுகூடக் கிடைத்தது.

அக்டோபரில் வருகைப் பட்டியல் வந்தது. 75 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் பெயரில் சிவப்புக் கோடு. இதைத் தாண்டாதவர்கள் காண்டொனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்டுக் கட்டும் கட்டணம், கட்ட வேண்டும், அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. இரண்டாமாண்டில் மூன்று பெண்கள் 68, 69, 71 என்று நின்றார்கள். மூன்று பேரும் நன்றாகப் படிக்கிறவர்கள். நான் யோசிக்காமல் பட்டியலில் கையெழுத்துப் போட்டு ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன்.

அவர்களில் ஒருத்தி காண்டொனேஷன் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். கையில் ரெக்கார்டு நோட்டு. வாங்கிப் புரட்டினேன். நாலு செய்முறைதான் எழுதியிருந்தது, ஆனால் அந்த நாலும் அச்சடித்த மாதிரி. வரைபடத்துக்கு ஸ்கேல் போட்டதில் ஒரு பிசகு இல்லை.

"ஏம்மா, மத்த நாளெல்லாம் வந்திருக்கே. லேப் இருக்கிற அன்னைக்கு மட்டும் ஏன் லீவு?"

"மேம், நாலு பத்து பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறே முக்காலுக்குத்தானுங்க. எறங்கி இருட்டுல ரெண்டு கிலோமீட்டர் நடக்கோணும். லேப் இருக்கிற அன்னைக்குப் போகவே வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாருங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"டைம் டேபிளெல்லாம் மாத்த முடியாதுன்னு நெனச்சுட்டோம் மேம்."

இன்னொன்றும் சொன்னாள். டே ஆர்டர் என்பதால் லேப் எந்தக் கிழமையில் வரும் என்று வீட்டில் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. கிழமை தெரிந்தால் அவள் அண்ணன் வேலையை மாற்றிக்கொண்டு பைக்கில் வந்து கூட்டிப் போயிருப்பான். ஒரு வாரம் செவ்வாய், அடுத்த வாரம் வியாழன் என்றால் எந்த முதலாளி விடுவார்?

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, எங்கள் பக்கத்து மலையடிவார ஊர்களிலிருந்து பிள்ளைகள் தயக்கமில்லாமல் வர ஆரம்பித்தார்கள். 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. வீட்டில் கல்லூரியை முதலில் பார்க்கிற பெண்ணை அரசாங்கம் இவ்வளவு தூரம் கைப்பிடித்துக் கொண்டுவந்து என் துறை வாசலில் விடுகிறது. நான் பென்சிலால் ஒரு கட்டத்தை மதியத்துக்குத் தள்ளி, அவளை வாசலோடு நிறுத்திவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று எழுதும்போதும் மனசு கனக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து அட்டவணையை முழுவதுமாகக் கலைத்தேன். வேதியியல் துறைத் தலைவர் இரண்டு மணியை மாற்றிக்கொடுத்தார். எம்.எஸ்சி. பிள்ளைகளில் பெரும்பாலோர் விடுதியில்தான் இருந்தார்கள், அவர்கள் மதியத்துக்கு வரச் சம்மதித்தார்கள். இரண்டாமாண்டு லேப் காலைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் முதல் வேலையாக எல்லா வகுப்பிலும் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவேன். ஊர், பஸ் நேரம், மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிறீர்களா, எங்கே. மொபைல் கடை, ஜவுளிக் கடை, கேட்டரிங் என்று பையன்களில் பாதிப்பேர் எழுதுவார்கள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பென்சிலை எடுப்பேன்.

"இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கிறது மேடம்" என்று இளம் ஆசிரியர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், நானும் பயன்படுத்தினேன். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பில் விழாமல் அது பார்த்துக்கொள்ளும். நாலு பத்து பஸ்ஸைப் பற்றி அதற்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

அடுத்தது இன்டர்னல். மாணவராக இருந்த எல்லோருக்கும் இதில் ஒரு காயம் இருக்கும், எனக்கும் உண்டு. எங்கள் பக்கம் எழுத்துத் தேர்வுக்கு 25 இன்டர்னல், 75 எக்ஸ்டர்னல். அந்த 25-ஐச் சாட்டையாகச் சுழற்றுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. துறைத் தலைவர் நினைத்தால் இதை ஒரே நாளில் ஒழுங்குசெய்யலாம். போர்ட்டலில் ஏற்றுவதற்கு மூன்று நாள் முன்னால் தேர்வு மார்க், அசைன்மெண்ட், செமினார் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். பிள்ளைகள் பார்த்து, விடைத்தாளோடு சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருடமே பதினோரு தவறு பிடிபட்டது. எல்லாம் கூட்டல் பிழையும் வரிசை மாறிய பிழையும்தான், வேண்டுமென்றே செய்தது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வரிசை தள்ளி ஏறியிருந்தால் அடுத்தடுத்த எண்ணுள்ள இருவரில் ஒருவருக்கு அரியர் விழுந்திருக்கும்.

ஒரு செமஸ்டர் நடுவில் எங்கள் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் கையிலிருந்த பேப்பருக்கு ஒரு டெஸ்ட் மார்க்தான் பதிவாகியிருந்தது. மறுநாள் போர்ட்டல் மூடுகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு அவரைப் போனில் பிடித்தேன். ரயிலில் இருந்தார். பையிலிருந்த நோட்டை எடுத்து, சிக்னல் விட்டுவிட்டு வர, 46 பேருடைய மார்க்கையும் ஒவ்வொன்றாக வாசித்தார். நான் திரும்பச் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். முடிக்கும்போது பதினொன்றரை. அவர் அந்தப் போனை எடுக்காமல் இருந்திருக்கலாம். அவரை யாரும் எதுவும் செய்திருக்க முடியாது.

கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றிச் சொல்லாமல் துறை நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. எங்கள் துறையில் பாதி வகுப்பு அவர்கள் எடுப்பதுதான். மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருடத்தில் 11 மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று இருக்கிறது. நெட் தகுதித் தேர்வில் தேறி, பிஎச்.டி. முடித்து, பத்து வருடம் பாடம் நடத்தியவரிடம், "சார், நாக் ஃபைலில் மூன்றாவது கிரைட்டீரியனைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லும்போது எனக்கு வாய் கூசும். நாக் என்பது கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் அமைப்பு, அதற்கான ஃபைல் அது. அவர் பார்ப்பார். மே மாதம் சம்பளமில்லாமல் வந்தும் பார்ப்பார். இதைக் கூட்டுப்பணி என்றெல்லாம் பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்கு மனசு வரவில்லை. அது உழைப்பை வாங்கிக்கொள்வது.

இனி நேரக் கணக்கு. மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஆசிரியருக்கு வாரம் 40 மணி வேலை. அதில் நேரடி வகுப்பு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கு 14 மணி. மீதி நேரம் தயாரிப்புக்கு, திருத்துவதற்கு, ஆராய்ச்சிக்கு. நான் தலைவராக இருந்த ஆறு வருடமும் முழு வகுப்பையும் எடுத்தேன். துறை வேலை அந்த மீதிக்குள் புகுந்து, அதையும் தாண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தது. அதில் பெரும்பகுதி என்ன தெரியுமா? ஒரே விவரத்தை வெவ்வேறு எக்செல் தாளில் நிரப்புவது. மாணவர் பட்டியல் ஒன்று மாணவர் விவரங்களுக்கான அரசின் யுமிஸ் போர்ட்டலுக்கு, ஒன்று உதவித்தொகைக்கு, ஒன்று நாக் அறிக்கைக்கு, ஒன்று பல்கலைக்கழகத்துக்கு. காலையில் பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் சுற்றறிக்கை வரும், "இன்று மாலை 4 மணிக்குள்" என்று. அன்றைய மூன்றாம் மணி வகுப்பு போயிற்று.

வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும், அது எவ்வளவு யோசிக்க வைக்கிறது என்பதைக் காட்ட, கே ஒன்று முதல் கே ஆறு வரை முத்திரை குத்துவதையும் சொல்ல வேண்டும். நினைவிலிருந்து எழுதும் கேள்வியா, யோசித்து எழுதும் கேள்வியா என்று ஆசிரியர் நின்று பார்ப்பது நல்ல பழக்கம். அதை நான் எதிர்க்கவில்லை. கேள்வியைப் போட்டுவிட்டு, கடைசியில் விகிதம் சரியாக வர முத்திரையை மட்டும் மாற்றுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்குப் பெரிய கோரிக்கைகள் இல்லை. துறைத் தலைவருக்கு வாரத்தில் நான்கு மணி வகுப்பைக் குறைத்து, அந்த மணிக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள். இரண்டு துறைக்கு ஒரு தட்டச்சர் வேண்டும், கணினி தெரிந்தவராக. பட்டியலை ஒருமுறை ஏற்றினால் எல்லா இடத்துக்கும் அதுவே போகட்டும். பொறுப்பு மாறும்போது புதியவர் ஒரு செமஸ்டராவது பழையவரோடு சேர்ந்து வேலை பார்க்கட்டும். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. சீனியாரிட்டியில் அடுத்த பெயர் என்னுடையது, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாவி கைக்கு வந்தது, திங்கட்கிழமை பல்கலைக்கழக ஆய்வுக் குழு வந்தது. அவ்வளவுதான் எனக்கு வாய்த்த பயிற்சி. அந்த மூன்று பெண்களுக்கு நான் செய்த தவறில் இதற்கும் பங்கு உண்டு. எனக்கு முன்னால் இருந்தவருக்கு அந்த பஸ் தெரியும். மதியத்தில் லேப் வைக்காததற்குக் காரணமே அதுதான் என்று அவர் ஓய்வுபெற்றபின் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது சொன்னார். எங்கும் எழுதி வைக்கவில்லை.

அதனால் சாவிக் கொத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்திருக்கிறேன். எந்த ஸ்பெக்ட்ரோமீட்டரில் வெர்னியர் வாசிக்கச் சிரமம், எந்த சோடியம் விளக்கின் சோக் மாற்ற வேண்டும், எந்த மாதத்தில் எந்தப் படிவம் வரும், தமிழ்த்துறையிடம் எப்போது மணி கேட்க வேண்டும், எந்தப் பிள்ளையின் வீட்டில் யாரிடம் பேசினால் அந்தப் பிள்ளையைத் திரும்பக் கல்லூரிக்கு அனுப்புவார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் பஸ் நேரம். நேற்று புதிய தலைவர் கூப்பிட்டு, இந்த வருடம் நாலு பத்து பஸ்ஸை நாலு மணிக்கே எடுக்கிறார்களாம், விசாரித்துவிட்டேன் மேடம், பழைய நேரத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதிவிட்டேன் என்றார்.