கோரிடோரஸ் கெளுத்தி கழிவைத் தின்னுமா?

"தொட்டியில் ரெண்டு கோரிடோரஸ் விட்டால் போதும், மற்ற மீன்களின் கழிவைத் தின்றுவிடும், தண்ணீரே மாற்ற வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. இந்தக் குட்டிக் கெளுத்தி மணலைக் கிளறுவது புழுவையும் சிறு பூச்சிகளையும் தேடித்தான். மீன் இனங்களின் விவரங்களைத் தரும் ஃபிஷ்பேஸ் இணையதளத்தில் அதன் உணவு விவரத்தைப் பார்க்கலாம். இந்த மீனும் கழிவு போடும், மீன்களுக்கு நஞ்சான அமோனியாவைத் தண்ணீரில் கூட்டும். மூழ்கும் தீனி தனியாகப் போடவேண்டும், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றவேண்டும். ரெண்டு மீன் போதாது, இது கூட்டமாக வாழும் மீன், குறைந்தது ஆறு மீனாவது வேண்டும்.

அப்புறம் ஒரு வேடிக்கை: இதை முட்டையிட வைக்க வளர்ப்பவர்கள் செய்வதே, பழைய நீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, சற்றுக் குளிர்ந்த நீரை விடுவதுதான். மழைக்காலம் வந்ததுபோல் மீன் எடுத்துக்கொள்ளும். அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.