கடைசி ரயில் உள்ள ஊராகப் பாருங்கள்

காசினோவுக்காகவே விடுமுறை எடுத்துப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த காசினோ ஹோட்டலில் தங்கலாம்?" என்பதுதான். என் பதில் பெரும்பாலும் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆடுகிற இடத்தில் தூங்காதீர்கள். காசினோவிலிருந்து பத்து நிமிடமாவது நடந்து போக வேண்டிய ஓர் அறையைப் பிடியுங்கள். ரயில் ஏற வேண்டியிருந்தால் இன்னும் நல்லது.

பட்டுத்தான் சொல்கிறேன். முதல்முறை லாஸ் வேகஸ் போனபோது ஒரு பெரிய காசினோ ஹோட்டலில் நம்ப முடியாத மலிவில் அறை கிடைத்தது. கெட்டிக்காரத்தனமாகப் பிடித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். போய் இறங்கினால், 'ரிசார்ட் ஃபீ' என்று நாளொன்றுக்கு ஒரு தொகை கேட்டார்கள். அறை வாடகையைவிட அது அதிகம். (2025 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் இந்தக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலை காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கட்டணம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது.)

சரி, அதுகூடப் போகட்டும். லிஃப்டுக்குப் போக வேண்டுமென்றால் ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவேதான் நடக்க வேண்டும். காபி வாங்கப் போனாலும் அதே வழி, வெளியே போய்த் திரும்பினாலும் அதே வழி. மூன்றே நாளில் அந்தத் தரைவிரிப்பின் பூ வேலைப்பாடு எனக்கு மனப்பாடம். கடைசி இரவு தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு 'சும்மா பார்த்துவிட்டு வரலாம்' என்று கீழே இறங்கினேன். வாடகையில் மிச்சம் பிடித்த பணத்தைப்போல நான்கு மடங்கு அந்த ஒன்றரை மணி நேரத்தில் போனது. அறை பத்து நிமிடம் தள்ளி இருந்திருந்தால் அந்த நேரத்துக்கு யார் எழுந்து சட்டை மாட்டுவார்கள்?

மலிவு அறையும் 'இலவச' அறையும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். காசினோவின் உறுப்பினர் அட்டையைக் கொடுத்துவிட்டு ஆட்ட டேபிளில் உட்கார்ந்தால், உங்கள் சராசரிப் பந்தயம் எவ்வளவு, மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம் என்று கணக்கெடுக்கிறார்கள். அதை அந்த ஆட்டத்தில் காசினோவுக்குக் கிடைக்கும் சதவீதத்தால் பெருக்கினால், நீங்கள் தோற்பீர்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கும் தொகை வந்துவிடும். அதில் ஒரு பங்குதான் அறையாகவும் சாப்பாடாகவும் உங்களிடம் திரும்பி வருகிறது. தோற்காமலேயே அறை கிடைத்ததாக யாராவது சொன்னால், அவர் அந்த முறை அதிர்ஷ்டக்காரர், அவ்வளவுதான். கணக்கில் அவர் தோற்றவர்தான்.

அதனால் ஹோட்டலின் நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் டேபிளின் விதியைப் பாருங்கள். 21 புள்ளியைக் குறிவைக்கும் சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 10க்கு 15 தருகிற டேபிளும் உண்டு, 12 மட்டும் தருகிற டேபிளும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் வகையில் முறையாக ஆடுகிறவரிடம் காசினோவின் பங்கு ஏறத்தாழ அரை சதவீதம். இரண்டாவது வகையில் அதற்கு மேல் இன்னொரு 1.4 சதவீதம். ஒரு ஆட்டத்துக்கு 10 என்று, எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், மணிக்கு 70 ஆட்டம் வீதம் நான்கு மணி நேரம் ஆடினால் 2,800 பந்தயம் கட்டியிருப்பீர்கள். முதல் டேபிளில் இதற்கான சராசரிச் செலவு 14. இரண்டாவதில் 50ஐத் தாண்டும்.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டிலும் இதே கதைதான், சக்கரத்தில் பூஜ்யம் கூடக் கூட காசினோவின் பங்கும் கூடும். ஐரோப்பாவில் வழக்கமாக ஒற்றைப் பூஜ்யம், காசினோவின் பங்கு 2.7 சதவீதம். அமெரிக்காவில் இரட்டைப் பூஜ்யம், 5.26. லாஸ் வேகஸில் இப்போது மூன்று பூஜ்யம் வைத்த சக்கரங்களும் சுற்றுகின்றன, 7.69. மூன்று பூஜ்யம் இருக்கிற டேபிளில் உட்காருகிறவரைப் பார்த்தால் எனக்குத் தோளைத் தட்டி எழுப்பிவிடத் தோன்றும்.

இதனால்தான் எனக்கு மொனாக்கோ பிடிக்கும். அங்குள்ள மான்டே கார்லோ காசினோவில் ஒற்றைப் பூஜ்யச் சக்கரம். சிவப்பு, கறுப்பு போன்ற சரிபாதிப் பந்தயங்களில், பூஜ்யம் விழுந்தால் பாதிப் பணத்தைத் திருப்பித் தரும் பிரெஞ்சு வழக்கமும் அங்கே உண்டு. அப்போது காசினோவின் பங்கு 1.35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உள்ளே போனால் மாளிகை போல இருக்கிறது. மாலையில் ஒழுங்காக உடுத்திக்கொண்டு போக வேண்டும். மொனாக்கோ குடிமக்களுக்கு மட்டும் அங்கே ஆட அனுமதி இல்லை, ஊர்க்காரர்களைப் பற்றி அவ்வளவு அக்கறை. ஆனால் தங்குவது மொனாக்கோவில் வேண்டாம். பக்கத்தில் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் அறை எடுங்கள். வாடகை கணிசமாகக் குறையும், ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, வழியெல்லாம் கடல். எல்லாவற்றையும்விட முக்கியம், திரும்பி வரக் கடைசி ரயில் என்று ஒன்று உண்டு. 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று கெஞ்சுகிற மனதை ரயில்வே அட்டவணை அடக்குகிற மாதிரி என் மன உறுதி ஒருநாளும் அடக்கியதில்லை.

சிங்கப்பூரிலும் அப்படித்தான். மெரினா பே சாண்ட்ஸ் காசினோ ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம், நள்ளிரவு வாக்கில் ரயில் நின்றுவிடும். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டி இலவசமாக நுழையலாம். குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களும் 2019 முதல் ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும். காசினோவுக்குள் ஏடிஎம் கிடையாது. தோற்ற கையோடு பணம் எடுக்க வேண்டுமானால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அந்த நடையில் பலருக்குப் புத்தி திரும்பிவிடும்.

சீனாவின் மக்காவ் 2006லேயே காசினோ வருமானத்தில் லாஸ் வேகஸ் ஸ்டிரிப்பை, அதாவது அங்கே பெரிய காசினோக்கள் வரிசையாக நிற்கும் சாலையை, முந்திய ஊர். அங்கே 'பிளேயர்', 'பேங்கர்' என்ற இரண்டு பக்கங்களில் எது வெல்லும் என்று பந்தயம் கட்டும் பக்காரா சீட்டாட்டம்தான் ராஜா, டேபிளில் குறைந்தபட்சப் பந்தயமும் அதிகம். சின்ன அளவில் ஆடுகிறவர்கள் வேடிக்கை பார்க்கவே போகலாம். ஆடித்தான் தீருவேன் என்றால் 'பேங்கர்' பக்கம் கட்டுங்கள், இரண்டும் சமமாகும் என்று கட்டும் 'டை' பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். கோட்டாய் (Cotai) பகுதியின் பிரம்மாண்ட காசினோ ஹோட்டல்களை விட்டுவிட்டு, பழைய மக்காவில் செனாடோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் தங்கினால் காலையில் நடக்க ஓர் உண்மையான ஊர் கிடைக்கும்.

லாஸ் வேகஸ்தான் என்று முடிவெடுத்துவிட்டால் என் 'பத்து நிமிட' விதி கொஞ்சம் சிக்கலாகும். ஸ்டிரிப் கிட்டத்தட்ட 6.8 கிலோமீட்டர் நீளம். அடுத்த கட்டிடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், நடந்தால் இருபது நிமிடம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் அந்த நடை தண்டனை. அதற்கும் வழி இருக்கிறது. வ்டாரா, ஃபோர் சீசன்ஸ் போல காசினோ இல்லாத ஹோட்டல்கள் ஸ்டிரிப்பிலேயே உண்டு. ஆசை வந்தால் அடுத்த கட்டிடத்துக்குப் போய்க்கொள்ளலாம். சிகரெட் புகை ஆகாதவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே காசினோ தளத்தில் புகைக்கலாம், பார்க் எம்ஜிஎம் போல ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. வெள்ளிக்கிழமை மாலையானால் அறை வாடகையோடு டேபிளின் குறைந்தபட்சப் பந்தயமும் ஏறும். ஞாயிறு போய் வியாழன் கிளம்பிவிடுங்கள்.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, ஒரே கூரைக்கடியில் எல்லாம் இருப்பதுதான் அவர்களுக்கு வசதி. ஆனால் உடன் வருகிறவர் ஆடாதவர் என்றால் நான் சொல்வது இரண்டு மடங்கு பொருந்தும். நீங்கள் டேபிளில் இருக்கும் நான்கு மணி நேரம் அவர் எங்கே இருப்பார்? அந்த ஊரில் அவருக்கென்று கடலோ, அருங்காட்சியகமோ, நல்ல தெருவோ இருக்கிறதா? என் மனைவி இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எங்கள் பயணப் பட்டியலில் பாதி ஊர்கள் அடிபட்டன.

அடுத்த பயணம் நீஸ். அறை கடற்கரைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில். ஐந்து நாளில் மொனாக்கோவுக்கு இரண்டே மாலை. திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை மனைவி தன் கைப்பேசியில் அலாரமாக வைத்திருக்கிறார். என் கைப்பேசியில் வேண்டாமாம்.