பிரமிடுக்குள் பையைத் தேடும் அன்பர்களுக்கு

நேற்று பிரமிடு பற்றிய ஒரு பதிவின் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம், கிசாவின் பெரிய பிரமிடில் பை (π, வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.14) ஒளிந்திருக்கிறது, ஒளியின் வேகம்கூட இருக்கிறது என்ற கோஷ்டி. எதிர்ப்பக்கம், 'பின்னம்கூட ஒழுங்காக எழுதத் தெரியாத ஆட்கள்' என்று எகிப்தியரை நக்கலடித்த படிப்பாளிகள். எகிப்தியர் என்ன கணக்குப் போட்டார்களோ அதைப் பாருங்களேன் என்று நடுவில் போய்ச் சொன்ன எனக்குச் சிரிப்பு எமோஜிகள். சரி, இருக்கட்டும்.

பையிலிருந்தே வருகிறேன். எகிப்தியரின் ஒரு முழத்துக்கு 7 கையகலம், ஒரு கையகலத்துக்கு 4 விரல். ஒரு முழம் மேலே ஏறினால் எத்தனை கையகலம் உள்ளே தள்ள வேண்டும்? கல் செதுக்குபவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு செக்கெத் என்று பெயர். பெரிய பிரமிடுக்கு அது ஐந்தரை. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 440 முழம், உயரம் 280 முழம். சுற்றளவை உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் 22/7 வரத்தான் செய்யும். நாலு ஐந்தரை 22, கீழே முழத்தின் 7. வேறு ரகசியம் கிடையாது.

'செக்கெத் கணக்கு வரும் ரிண்ட் பாப்பிரஸ் (எகிப்தியரின் கணக்குச் சுவடி) ஆயிரம் வருஷம் பிந்தியது, அதை வைத்து பெரிய பிரமிடைக் கட்டிய மன்னர் கூஃபுவின் காலத்தை எப்படிப் பேசலாம்?' என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சாய்வு கல்லிலேயே இருக்கிறது, போய் அளந்துகொள்ளலாம். ஒளிவேகக்காரர்களுக்கு இவ்வளவு மரியாதை தர என்னால் முடியாது. அவர்கள் காட்டும் ஒளிவேக எண் மீட்டரில் சொன்னது; அந்த மீட்டரே பிரான்சில் 1790களில் பிறந்த அளவு. அவ்வளவுதான்.

இனி நக்கல் கோஷ்டி. பாப்பிரஸை எழுதிய ஆமோஸ், 6 ரொட்டியை 10 பேருக்குப் பங்கிடும் கணக்கில் ஆளுக்கு அரையும் பத்தில் ஒன்றும் என்கிறார். நமக்கு 0.6. எங்கே, கத்தியை எடுத்து 0.6 ரொட்டி வெட்டுங்கள் பார்ப்போம்! ஐந்து ரொட்டியைப் பாதியாக வெட்டி, ஆறாவதைப் பத்துத் துண்டாக்கினால் முடிந்தது. எல்லோர் கையிலும் ஒரே மாதிரித் துண்டுகள், சண்டையே வராது. வட்ட நிலத்தின் பரப்புக்கு, விட்டம் 9 என்றால் அதில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, மீதி 8, எட்டெட்டு 64. நம் சூத்திரத்தில் 63.6 வரும். அங்கே பையே இல்லை. தேவைப்படவும் இல்லை. அவர்கள் கேட்காத கேள்விக்கு அவர்களைத் தேர்வு எழுதவைத்து மதிப்பெண் போட நாம் யார்?

எங்கள் தாத்தா 'அரையே அரைக்கால்' என்றுதான் கணக்குச் சொல்வார். அரையும் எட்டில் ஒன்றும். இன்ஜினியரிங் படித்த எங்கள் அண்ணன் ஒருவர், '0.625 என்று சொல்லத் தெரியாதா தாத்தா?' என்று பந்தியில் வைத்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தாத்தா பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். அந்தச் சிரிப்பைத்தான் நேற்று மறுபடி கேட்டேன்.

(நம் பழைய பின்னக் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. எகிப்தின் தானிய அளவான ஹெகாத்திலும் 320இல் ஒரு பங்கு உண்டு, அது ரோ. உடனே 'எகிப்தியரும் தமிழரே' என்று கிளம்பிவிடாதீர்கள், கும்பிடுகிறேன். பாதி பாதியாகப் பிரித்து ஐந்தால் வகுத்தால் யாருக்கும் 320 வரும்.)

'அப்படியென்றால் எகிப்தியர் சாதாரண ஆட்கள் என்கிறாயா?' என்று இன்பாக்ஸில் ஒருவர். ஐயா, சாய்வைக் கையகலத்தில் அளந்து, அவ்வளவு பெரிய மலையை நான்கு பக்கமும் பிசகாமல் ஏற்றியவர்களை நான் எங்கே குறைத்தேன்? அது போதாமல் மாயமந்திரமும் வேற்றுக்கிரகவாசியும் கேட்பவர் நீங்கள். அவர்களுக்கு மூளை இருந்தது என்பதை நம்ப உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

'எகிப்து செத்துப்போன கணக்கு, அதற்கு ஏன் இவ்வளவு கோபம்' என்று கேட்டவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பிறகு நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.