பட்டாளத்துத் தாத்தாவுக்கு அஞ்சலி எழுதுமுன் டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

"இரண்டு போர்களில் எதிரிகளைப் பந்தாடிய மாவீரர்" என்று கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பது ஊர் ஊராக நடக்கிறது. 1965 பாகிஸ்தான் போரில் முனையில் நின்றவர்கள் எண்பதைத் தொட்டு, தாண்டிவிட்டார்கள். 1971 போர்க்காரர்கள் எழுபத்தைந்தை ஒட்டி இருக்கிறார்கள். பேனரில் ரெஜிமென்ட் பெயர் இருக்காது, படை எண் இருக்காது, எந்த முனை என்ற பேச்சே இருக்காது. பக்கத்தில் கூகுளில் எடுத்த பீரங்கிப் படம் மட்டும் இருக்கும். அதுவும் பெரும்பாலும் போஃபர்ஸ்! அது வாங்க ஒப்பந்தம் போட்டதே 1986-இல்தான்.

மனுஷன் செய்ததைச் செய்தபடி எழுதினாலே போதும் என்பது என் கருத்து. அதற்கான ஆதாரம் பரண்மேல் இருக்கும் கறுப்பு டிரங்குப் பெட்டியிலேயே கிடக்கும்.

முதலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புக், அதாவது படையை விட்டு வரும்போது கொடுத்த பணிப் புத்தகம். சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, கடைசி ரேங்க், டிரேடு (படையில் பார்த்த வேலை), பதக்கங்கள், நன்னடத்தைக் குறிப்பு எல்லாம் அதில்தான். படை எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். சிப்பாயாகச் சேர்ந்து ஜேசிஓ (நாயிப் சுபேதார், சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) ஆனவர் என்றால் இரண்டு எண் இருக்கும். இரண்டாவது ஜேசி என்று தொடங்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஆவணம் பழைய எண்ணிலும் பென்ஷன் ஆவணம் புது எண்ணிலும் இருப்பதைப் பார்த்துவிட்டு, இது வேறு யாரோ என்று குழம்புகிற குடும்பங்கள் உண்டு. 'ஜமேதார்' என்று எழுதியிருந்தாலும் திகைக்க வேண்டாம். 1965 வரை நாயிப் சுபேதாருக்கு அதுதான் பெயர்.

அடுத்தது பதக்கங்கள். தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். ரக்‌ஷா மெடல் 1965, சங்க்ராம் மெடல் 1971 இரண்டும் அந்தக் காலத்துப் பணிக்கான பொதுப் பதக்கங்கள். டெப்போவில் கணக்கு எழுதியவருக்கும் உண்டு. போர்ப் பகுதியில் இருந்ததைச் சொல்பவை வேறு: 65-க்கு சமர் சேவா ஸ்டார், 71-இல் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஷ்சிமி ஸ்டார். பூர்வி ஸ்டாரை வைத்துக்கொண்டு "லாகூர் எல்லையில் போரிட்டார்" என்று எழுதினால், அவர் நின்ற நிலத்தையே மாற்றிவிடுகிறீர்கள். அவர் இருந்தது இன்றைய வங்கதேசத்துப் பக்கம். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் வந்தது. ஒன்பது வருஷம், இருபது வருஷம் முடித்தால் நெடுஞ்சேவைப் பதக்கம். இவற்றில் எதுவும் வீரதீரப் பதக்கம் அல்ல. சேனா மெடல், வீர் சக்ரா போன்றவை கெஜட்டில் (அரசிதழில்) வரும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவை இருக்க வாய்ப்பே இல்லை.

வட்டப் பதக்கத்தின் விளிம்பில், நட்சத்திரப் பதக்கத்தின் பின்புறத்தில், எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் படியுங்கள். தயவுசெய்து புளி, விபூதி, பிராசோ எதையும் கொண்டு தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ரிப்பன் நைந்திருந்தாலும் பழையதை எறியாமல் கூடவே வையுங்கள்.

பெட்டியில் ஆறுமுனை நட்சத்திரம் இருந்தால் அது கொள்ளுத்தாத்தா காலத்தது, இரண்டாம் உலகப்போர். பர்மா ஸ்டாரின் ரிப்பனில் நடுவே அகலச் சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடு. இத்தாலி ஸ்டார் பச்சை, வெள்ளை, சிவப்பு. இத்தாலியா என்று ஆச்சரியப்பட வேண்டாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன் 1944 பிப்ரவரியில் கண்ணிவெடிமேல் விழுந்து தன்னோடு வந்தவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்றது அந்த இத்தாலியில்தான்.

டிரைவர், சமையல்காரர், நர்ஸிங் அசிஸ்டென்ட், ஒயர்லெஸ் ஆபரேட்டர் என்று டிஸ்சார்ஜ் புக் சொன்னால் அதையே எழுதுங்கள். பேனரில் கையில் துப்பாக்கி கொடுத்து 'எல்லைச் சிங்கம்' ஆக்குவது, லாரியில் குண்டும் அரிசியும் ஏற்றிப்போன அந்த மனுஷனின் வேலையை நாமே மட்டம் தட்டுவது போலத்தான்.

காகிதம் தொலைந்திருந்தால் அவர் இருந்த படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இஎம்இக்கு (வண்டி, கருவி பழுதுபார்க்கும் படை) செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. படை எண், பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், சேர்ந்த வருஷம், உங்களுக்கு அவர் என்ன உறவு என்பதற்கான சான்று இவ்வளவும் வேண்டும். எண் இல்லாமல் வெறும் "முனுசாமி, வேலூர் மாவட்டம்" என்று எழுதினால் பதில் வருவது கஷ்டம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊரென்றால் இன்னும் கஷ்டம்.

தாத்தா உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பாட்டியின் பெயர். சேர்ந்த காலத்தில் தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பிபிஓவில் (பென்ஷன் உத்தரவில்) 'முனியம்மா', ஆதாரில் 'முனியம்மாள்', பிறந்த தேதி இரண்டிலும் வேறு வேறு. அவர் இருக்கும்போது ரெக்கார்ட் ஆபீஸுக்கு அவரே எழுதித் திருத்துவது எளிது. அவர் போன பிறகு பாட்டி குடும்பப் பென்ஷனுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். இறந்ததை வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதென்று அடுத்த மாதப் பென்ஷனை எடுத்தால் அது பிறகு பிடித்தமாக வந்து நிற்கும்.

தேசியக் கொடி விஷயம். அரசு மரியாதை, ராணுவ மரியாதை, மத்தியத் துணை ராணுவப் படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு தவிர மற்றவற்றில் உடல்மேல் கொடி போர்த்தக் கொடிச் சட்டவிதி இடம் தரவில்லை. மரியாதை கிடைத்துப் போர்த்தினால் காவி நிறம் தலைப்பக்கம். குழியில் இறக்குமுன், சிதையில் வைக்குமுன் எடுத்துவிட வேண்டும்.

பதினைந்து, பதினேழு வருஷம் பட்டாளம் என்றால் அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் ஊரில் வாழ்ந்திருக்கிறார். பேங்க் வாசலில் காவல், வயக்காடு, கேன்டீன் கார்டை வைத்து ஊருக்கெல்லாம் குக்கர் வாங்கிக் கொடுத்தது (குக்கர் மட்டும்தானா என்று கேட்காதீர்கள்), ரிக்ரூட்மென்ட்டுக்குப் போகும் பையன்களை விடியற்காலையில் ஓடவிட்டது. அஞ்சலியில் இதற்கும் இடம் வையுங்கள்.

பழைய போட்டோ, சான்றிதழ் எதையும் லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. செலோடேப் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு அசலைத் தனித்தனி காகித உறையில் வையுங்கள்.

கம்பெனி குரூப் போட்டோ ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கும் எண் எழுதி, காலைக் காபிக்குப் பிறகு அவர் கையில் கொடுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார். இவர் யார், எந்த ஊர், மெஸ்ஸில் என்ன போட்டார்கள், பூட்ஸ் சைஸ் என்ன என்று கேளுங்கள், தானாக வரும். போனில் ரெக்கார்டிங் ஓடட்டும். அரைமணி, முக்கால்மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். சொன்ன பெயர்களை அசல் படத்தின் பின்னால் 2பி பென்சிலில் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் முன்பக்கம் தடம் விழும். இரண்டாம் வரிசை மூன்றாம் ஆள் பெயர் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மறுநாள் குளிக்கப் போகும்போது பாத்ரூமிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்.